பிஞ்சில் பழுத்த சொல்

ரோம் நகரில் அந்தப் பழம் புதிதாகக் கடைக்கு வந்தபோது ஒன்றின் விலை ஒரு தெனாரியஸ் என்கிறார் பிளினி. தெனாரியஸ் என்பது வெள்ளிக்காசு. அன்றைய ரோமானியக் காலாட்படை வீரனுக்கு வருடச் சம்பளமே 225 தெனாரியஸ்தான். ஒன்றரை நாள் கூலியைக் கொடுத்தாலும் ஒரு பழம் முழுசாகக் கைக்கு வராது. இதே பிளினி நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப் போன மிளகுக்கும் விலை குறித்து வைத்திருக்கிறார்: கருமிளகு ராத்தல் நாலு தெனாரியஸ். கடலும் பாலைவனமும் தாண்டிப் போன மிளகு ஒரு ராத்தலும், உள்ளூர்த் தோட்டத்துப் பழம் நாலும் ஒரே விலைக்கு விற்ற காலம் அது.

பழத்தில் அப்படி என்ன இருந்தது? புதுசு என்பது ஒன்று. பிளினி இறந்தது கி.பி. 79-இல், வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்குள்தான் அந்தப் பழம் அங்கே தெரியவந்திருந்தது. இன்னொன்று, அது முந்திக்கொண்டு வந்தது. பீச் பழத்தை ரோமானியர் பாரசீகப் பழம் என்பார்கள். அது பழுக்க இலையுதிர் காலம் ஆகும். இதுவோ கோடையிலேயே பழுத்து நின்றது. பெயரும் அப்படியே அமைந்துவிட்டது: 'ப்ரைகாக்ஸ்', பன்மையில் 'ப்ரைகோகியா'. உலர்பழக் கடையில் நாம் ஆப்ரிகாட் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் இது. வயசுக்கு மீறிய புத்தியுள்ள குழந்தையை ஆங்கிலத்தில் 'ப்ரிகோஷியஸ்' என்கிறார்கள். அன்றாடப் பேச்சில் அதிகம் அடிபடாத அந்தச் சொல்லும் இதன் வயிற்றில் பிறந்ததுதான்.

'ப்ரை' என்றால் முன். பின்னால் நிற்பது 'கோக்வெரெ' என்ற வினை. சமைப்பது என்று பொருள். ஆக, முந்திச் சமைந்தது. லத்தீன்காரர்கள் இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு எத்தனை வேலை வாங்கினார்கள் என்பதுதான் விசேஷம். அடுப்பில் கூழ் காய்ச்சுவதற்கும் அதே சொல், சூளையில் செங்கல் சுடுவதற்கும் அதே சொல். வயிற்றில் சோறு செரிப்பதும் மரத்தில் காய் பழுப்பதும்கூட அவர்களுக்குச் சமையல்தான். சூடு ஏறுகிறது, பச்சையாய் இருந்தது பதத்துக்கு வருகிறது. சூடு விறகிலிருந்து வந்தால் என்ன, வெயிலிலிருந்து வந்தால் என்ன?

இதைக் கேட்டுத் தமிழர் யாரும் சிரிக்க முடியாது. 'மேலத்தெரு பொண்ணு சமைஞ்சிட்டா' என்று நம் பாட்டிமார் சொன்ன வாக்கியத்தில் அடுப்பு எங்கே இருக்கிறது? சமைவது என்றால் நமக்கும் வேவது மட்டும் இல்லை. ஆயத்தமாவது, பதம் வருவது, பருவம் எய்துவது எல்லாம் அதற்குள் அடங்கும். தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் இத்தனை பொருளும் ஒரே வினையின் கீழ் வரிசையாக நிற்கின்றன. லத்தீன் என்று ஒன்று இருப்பதே தெரியாத கிழவியும், தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாத ரோமானியத் தோட்டக்காரனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அடுப்படியில் நின்றவர்கள். அதற்கு மேல் உறவு எதுவும் தேவைப்படவில்லை.

இந்தச் சொல்லின் கதையைச் சொல்லத் திருத்தணி தோதான ஊர். ஒரு தெருவுக்குள் இரண்டு மொழி கேட்கும். 1960 ஏப்ரல் 1 வரை அது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகே சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர வீடுகள் மாறவில்லை. தெலுங்கில் 'பண்டு' என்றால் பழம். பழுப்பதற்கும் அதே சொல். 'வண்டு' என்றால் சமை. (தமிழ்க் காதுக்கு இது ரீங்காரமிடும், என்ன செய்வது.) பெண் பருவமெய்தினால் 'பெத்த மனிஷி அயிந்தி' என்பார்கள், பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று. இது தமிழிலும் உண்டு. ஆனால் அடுப்பை இழுத்துப் பேசுவதில் தமிழ்ப் பாட்டிதான் ரோமானியனுக்குக் கிட்டே நிற்கிறாள்.

பழம் போன வழியை முதலில் பார்த்துவிடலாம். அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவும் சீனாவும். ரோமுக்கு ஆர்மீனியா வழியாக வந்ததால் 'ஆர்மீனிய ஆப்பிள்' என்றும் ஒரு பெயர் இருந்தது. 1753-இல் லின்னேயஸ் தாவரப் பெயர் வைத்தபோது அந்த ஆர்மீனியாவையே நிலைநிறுத்திவிட்டார். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் மருந்து நூல் எழுதிய டயஸ்கொரிடிஸ், ஆர்மீனிய ஆப்பிளை ரோமானியர் 'ப்ரைகோகியா' என்று சொல்கிறார்கள் என்று குறிக்கிறார். கிரேக்கர் வாயில் அது மெல்ல 'பெரிகோக்கியா' ஆனது. அரபு மொழியில் மென்மையான 'ப' உண்டு, வல்லொலி 'ப' கிடையாது. பெப்சியையும் 'பெ'யை மென்மையாக்கித்தான் சொல்வார்கள். அவர்களிடம் சொல் 'பர்கூக்' ஆயிற்று. முன்னால் 'அல்' ஒட்டிக்கொண்டது. 711-இல் அரபுப் படை ஜிப்ரால்டரைத் தாண்டி ஸ்பெயினுக்குள் நுழைந்ததே, அதன் பின்னாலேயே தோட்டக்கலையும் தோட்டச் சொற்களும் நுழைந்தன. ஸ்பானியரிடம் 'அல்பரிகோகே', போர்ச்சுகீசியரிடம் 'அல்ப்ரிகோக்கே', பிரெஞ்சுக்காரரிடம் 'அப்ரிகோ'. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனபோது 'அப்ரிகாக்' என்றே போயிற்று. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அந்த வடிவம்தான். கடைசியில் பிரெஞ்சுச் சாயல் ஏறி 'ஆப்ரிகாட்' என்று நின்றது.

ஐரோப்பா தன் சொல்லைக் கிழக்கே கொடுத்துவிட்டு, ஆயிரம் வருடம் கழித்து அரபு உடையில் வந்த அதையே அடையாளம் தெரியாமல் புதுச் சரக்காக வாங்கிக்கொண்டது. 1617-இல் ஆங்கிலப் பன்மொழி அகராதி போட்ட ஜான் மின்ஷூ, இந்தப் பெயருக்கு 'வெயில்படும் இடத்தில் சமைந்தது' என்று ஒரு லத்தீன் விளக்கம் எழுதினார். முன்பாதி அவர் கற்பனை. 'சமைந்தது' என்ற பின்பாதி மட்டும் சரி. தப்பான வழியில் போய்ச் சரியான அடுப்படியில் நின்ற ஒரே அகராதிக்காரர் அவராகத்தான் இருப்பார்.

இந்தச் சுற்றெல்லாம் சுற்றாமல் சொல் இன்னொரு தடவையும் புறப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலப் படிப்பாளிகள் லத்தீன் ஏட்டிலிருந்து அதை நேரே எடுத்து 'ப்ரிகோஷியஸ்' என்றார்கள். முதலில் சொன்னது சீக்கிரம் பூக்கும் செடியை, சீக்கிரம் பழுக்கும் மரத்தை. பிறகுதான் குழந்தைகள் மேல் ஏறியது. மருத்துவர்களும் விடவில்லை. இளம் வயதிலேயே புத்தி குலையும் நோய்க்கு ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பெலின் 1890-களில் 'டிமென்ஷியா ப்ரேகாக்ஸ்' என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1908-இல் ஸ்விட்சர்லாந்தின் ப்ளாய்லர் அதை ஸ்கிசோஃப்ரினியா என்று மாற்றினார். பெண் குழந்தை எட்டு வயதுக்கு முன்பும் ஆண் குழந்தை ஒன்பதுக்கு முன்பும் பருவக் குறி காட்டினால் 'ப்ரிகோஷியஸ் பியூபர்ட்டி' என்று இன்றும் மருந்துச்சீட்டில் எழுதுகிறார்கள். நம் பாட்டியிடம் இதைத் தமிழில் சொல்லப் போனால் 'முந்திச் சமைந்த சமைதல்' என்று சொல்ல வேண்டிவரும். அவள் டாக்டரை ஒரு மாதிரி பார்ப்பாள்.

சரி, திருத்தணிக்கு இந்தச் சொல் வந்ததா என்றால், வந்தது. வேறு வேறு பேரில், வேறு வேறு கப்பலில். மலையடிவாரத்தில் காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் திறக்கும் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தால் போதும்.

முதலில் டிகாக்ஷன். 'டி' கீழே, 'காக்ஷன்' சமைத்தது, காய்ச்சிச் சுண்டவைத்தது. அதே 'கோக்வெரெ'. இங்கே ஒரு சிறு வழக்கும் இருக்கிறது. நம் ஃபில்டரில் காபித்தூள் கொதிப்பதே இல்லை. மேல்தட்டில் தூளை அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடினால் ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சுண்டக் காய்ச்சும் கஷாயம்தான் அந்தப் பெயருக்கு உரியது. சுக்கும் ஆடாதொடையும் போட்டு எட்டுக்கு ஒன்றாய் இறக்குகிறாரே வைத்தியர், அது டிகாக்ஷன். காபிக்கு அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, இனி யாரும் பிடுங்க முடியாது.

அடுத்தது கண்ணாடி ஜாடி. பிஸ்கட் என்றால் 'இரண்டு முறை சமைத்தது'. ஈரம் போகும்படி மறுபடியும் சுட்டு, கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் கொண்டுபோன பண்டம். அப்படிப் பார்த்தால் ஜாடியில் இருக்கும் க்ரீம் பிஸ்கட்டுக்கு அந்தப் பெயரில் பாத்தியதை இல்லை. பக்கத்து ஜாடியில் அடுக்கியிருக்கும் ரஸ்க்தான் நியாயமான வாரிசு. ரொட்டியாக ஒரு தரம் வெந்து, துண்டு போட்டபின் இன்னொரு தரம் வேகிறது. பேச்சில் 'பிஸ்கோத்து' என்கிறோமே, அதன் ஒலி ஆங்கிலத்தைவிடப் போர்ச்சுகீசிய 'பிஸ்கோயிட்டு'வுக்கு நெருக்கம். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் குடியேறியவர்கள். சாவியும் சன்னலும் அலமாரியும் அவர்கள் விட்டுப் போனவை. 'குசினி'யும் அவர்களுடையதே: லத்தீன் 'கோக்வினா', போர்ச்சுகீசிய 'கொஸிஞ்ஞா', தமிழ்க் குசினி. துரைமார் வீட்டுச் சமையல்காரன் குசினிக்காரன். தமிழ்நாட்டில் சொல் தேய்ந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இன்றும் சமையலறைக்குக் குசினிதான். 'குக்கர்' எல்லாருக்கும் தெரிந்த கதை. அதன் விசில் ஊதும் வீட்டுக்குள் ஒரு பாட்டி உட்கார்ந்து 'சமைஞ்சிட்டா' என்று சொன்னால், அங்கே லத்தீனும் தமிழும் ஒன்றையொன்று தெரியாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

ஐஸ் பெட்டியைத் திறந்தால் பெப்சி. 1898-இல் வட கரோலினாவின் மருந்துக்கடைக்காரர் கேலப் பிராட்ஹாம் வைத்த பெயர். அஜீரணத்தைக் குறிக்கும் 'டிஸ்பெப்சியா'விலிருந்து எடுத்தது. செரிமானத்துக்குக் கிரேக்கத்தில் 'பெப்சிஸ்'. அதற்கும் முதல் பொருள் சமைவதும் பழுப்பதும்தான். நம்மூர்ப் பிள்ளைகள் பிளாஸ்டிக் குழாயில் உறைந்த கலர் தண்ணீரைப் பெப்சி என்று சொல்லிக் கடித்து உறிஞ்சுகிறார்கள். சமையல் என்ற சொல் உறைபனியில் வந்து நின்றது இந்த ஒரு இடத்தில்தான்.

கிரேக்கப் 'பெப்', லத்தீன் 'கோக்' இரண்டும் ஒரே வேரா என்று சந்தேகம் வரும். பஞ்சாமிர்தத்தை வைத்தே இதைத் தீர்த்துவிடலாம். ஐந்துக்குச் சமஸ்கிருதத்தில் 'பஞ்ச', கிரேக்கத்தில் 'பெண்டே', லத்தீனில் மட்டும் 'க்வின்க்வே'. முதலில் இருந்த பகரத்தை லத்தீன் பின்னால் வரும் க்வகரத்தின் சாயலுக்கு மாற்றிவிட்டது. சமையல் வேரிலும் அதே திருகல்: கிரேக்கம் 'பெப்', லத்தீன் 'கோக்வ்', சமஸ்கிருதம் 'பச்'. 1786 பிப்ரவரியில் கல்கத்தா ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் இந்த மூன்று மொழிகளும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று பேசியபோது, இப்படிப்பட்ட ஒற்றுமைகளைத்தான் மனதில் வைத்திருந்தார்.

சமஸ்கிருத 'பச்' வேரிலிருந்து வந்தது 'பக்வ': வெந்தது, பழுத்தது. அதுதான் நம் பக்குவம்!

இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. ஊறுகாய்க்குப் பக்குவம், இட்லி மாவுக்குப் பக்குவம், மருந்துக்குப் பக்குவம். கோபப்படாமல் பேசுகிறவர் பக்குவமானவர். வயதுக்கு வந்த பெண் பக்குவமடைந்தவள். சமைதல் என்ற நம் சொந்தச் சொல் எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் இந்த வந்த சொல்லும் போய் உட்கார்ந்திருக்கிறது. டீக்கடைப் பக்கோடாவின் முன்பாதியும் பக்வம்தான். 'பக்கா' ரௌடி என்கிறோமே, அதுவும். நளபாகத்தில் இருக்கும் பாகம், சைவ சித்தாந்தத்தின் மலபரிபாகம், எல்லாம் ஒரே வேர். ஆணவ மலம் வெந்து பதமாகும்போதுதான் குரு வருவார் என்கிறது சித்தாந்தம். உயிருக்கும் சமையல் உண்டு, அதற்கும் நேரம் காலம் உண்டு. ரோமானியத் தோட்டக்காரனின் ப்ரைகாக்ஸும் ஆதீனத்து மலபரிபாகமும் ஒரு கொடியில் காய்த்தவை என்று சொன்னால் இரண்டு பக்கத்தாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

தமிழும் தெலுங்கும் இந்தக் கொடியில் சேராதவை என்பதைச் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் எழுதிய குறிப்பு அது. ஆகவே பக்குவம் கடன், சமைதல் சொந்தம். இரண்டையும் இவ்வளவு சகஜமாக ஒரே வாயில் புழங்குகிறோம் என்றால், கடன் கொடுத்தவர்களும் நம்மைப் போலவே யோசித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முந்திப் பழுத்ததைப் பார்த்து என்ன சொல்வது என்பதில்தான் நாம் கறார். ரோமானியன் அதற்கு ஒரு தெனாரியஸ் கொடுத்தான். ஆங்கிலேயன் 'ப்ரிகோஷியஸ்' என்று பாதி மெச்சி, பாதி முகம் சுளித்தான். தமிழில் 'பிஞ்சிலே பழுத்தது' என்றால் வசவு. கூடவே 'வெம்பல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். காய் முற்றாமல் சூட்டில் நிறம் மாறி, தொட்டால் மெத்தென்று, கடித்தால் சப்பென்று இருப்பது வெம்பல். பழத்துக்கும் வெம்பலுக்கும் இத்தனை துல்லியமாக வேலி போட்ட மொழியில், முந்திக்கொண்டு வந்தது எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆனால் அதே வாயால் நாம் கும்பிடும் சாமி யார்? தகப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன பிள்ளை. பிரம்மாவுக்குப் பொருள் தெரியவில்லை என்று சிறையில் போட்ட பிள்ளை. சுவாமிமலையில் தகப்பன்சாமியாக நின்றவன், சூரனோடும் வேடரோடும் போர் முடித்துச் சினம் தணிந்து நின்ற இடம் திருத்தணி. செருத்தணி என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். சீர்காழியில் மூன்று வயதில் பாட ஆரம்பித்த சம்பந்தரை யாரும் பிஞ்சில் பழுத்தவர் என்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கேள்வி கேட்டால்தான் அந்த வார்த்தை வருகிறது. சாமிக்கு ஒரு நீதி, பையனுக்கு ஒரு நீதி.

அந்தச் சாமியைச் சுற்றி நிற்கும் பிராணிகளைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவீடன் விலங்கியலாளர் சுந்தேவால் பறவைகளை இரண்டாகப் பிரித்தபோது பழைய லத்தீன் சொல்லைத் தூசி தட்டி எடுத்தார். முட்டையை விட்டு வந்ததும் கண் திறந்து, உடம்பில் பஞ்சோடு, எழுந்து ஓடி இரை பொறுக்குபவை ஒரு வகை. அவற்றுக்குப் பெயர் 'ப்ரைகோசஸ்'. ஆங்கிலத்தில் 'ப்ரிகோஷியல்'. கண்ணும் திறக்காமல் இறகும் இல்லாமல் கூட்டுக்குள் வாயைப் பிளந்து கிடப்பவை இன்னொரு வகை. காக்கை, மைனா, கிளி எல்லாம் இதில் சேரும். வித்தியாசம் முட்டைக்குள்ளேயே தொடங்குகிறது. முந்திச் சமையும் குஞ்சுக்கு முட்டையில் மஞ்சள் கரு விகிதம் கூடுதல், அடைகாக்கும் நாளும் பொதுவாக அதிகம். கோழிக்கு 21 நாள், மயிலுக்கு ஏறக்குறைய 28 நாள். மைனாவுக்கு இரண்டு வாரம், கொஞ்சம் கூட ஆகலாம். சீக்கிரம் வந்துவிட்டதாக நமக்குத் தோன்றுவது உள்ளே அதிக நேரம் வெந்ததால்.

கொடியில் சேவல். வாகனம் மயில். திருத்தணியில் மூலவருக்கு எதிரே நிற்பதோ யானை. தெய்வானைக்குச் சீராக இந்திரன் அனுப்பிய ஐராவதம் என்பது தலபுராணச் செய்தி. யானையும் பாலூட்டிகளில் இதே ஜாதிதான். 22 மாதம் வயிற்றில் இருந்துவிட்டு, பிறந்த சில மணி நேரத்துக்குள் தாயோடு நடக்கிறது. முந்திப் பழுத்த சாமிக்கு முந்திப் பழுத்த மூன்று பிராணிகள். யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பொருத்தம் அபாரம்.

மனிதரில் இந்த ஊர் இரண்டு மாதிரியையும் காட்டியிருக்கிறது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று இங்கே தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். ஊரில் தொடக்கப் படிப்பு, பிறகு திருப்பதி, வேலூர், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி. எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதி அது 1908-இல் அச்சானபோது அவருக்கு வயது 20. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று வகுப்பில் கேட்டுக் கேட்டு எழுந்த பதில் அது. இன்னொருவர் முத்துசுவாமி தீட்சிதர், 1775-இல் திருவாரூரில் பிறந்தவர். காசியில் சிதம்பரநாத யோகியிடம் வருடக்கணக்கில் இருந்து, திரும்பி வந்து, திருத்தணி மலையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கிழவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டதாகச் சொல்வார்கள். அதன்பிறகு பிறந்ததுதான் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', அவருடைய முதல் கிருதி. இருபது வயதைக் கடந்த பிறகே வாய் திறந்த அவர் முதலில் எடுத்த ராகம், பாட்டு கற்கும் குழந்தைகள் சரளி வரிசை பாடுகிற மாயாமாளவகௌளை. அவர் முந்தவில்லை. கற்கண்டும் பாகு பதம் பார்த்து, நிதானமாகப் படியவிட்டால் வருவதுதானே.

முந்துவதற்கு இந்த மலையில் ஒரு நாளும் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் ஏறும். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா. புத்தாண்டு அன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்காரத் துரை வீட்டு வாசலில் போய் நிற்கும் வழக்கம் அன்று இருந்தது. அதற்கு முன்பே எழுந்து தணிகைத் துரையைப் பாருங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து, முந்திக்கொள்வதை இவ்வளவு அழகாக அரசியலாக்கியவர் வேறு யாரும் இல்லை.

கடைசியாகப் பழத்துக்கே வருவோம், ஏனென்றால் ப்ரைகாக்ஸ் வியாபாரம் இன்றும் நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாந்தோப்புகள். மாம்பழத்துக்கும் சீசனில் முதல் வாரம் வருகிற பெட்டிக்குத்தான் காசு. அதனால் முற்றாத காயைப் பறித்து, கால்சியம் கார்பைடு கல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் காய்களுக்கு நடுவே சொருகி, வைக்கோல் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். காயின் ஈரம் கல்லில் பட்டதும் அசிட்டிலீன் வாயு கிளம்புகிறது, கூடவே சூடும். இரண்டொரு நாளில் தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே சதை வெளுத்துப் புளிக்கும். தொழில்தரக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்திருக்கின்றன. மூடிய அறையில் 100 பி.பி.எம். வரை எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைக்க மட்டுமே அனுமதி. எத்திலீன் பழமே தன்னுள் சுரக்கிற வாயு என்பதால் அது வேறு விஷயம். ஆனால் அதற்கும் காய் முதலில் மரத்திலேயே முற்றியிருக்க வேண்டும்.

ஆகவே, சித்திரை பிறப்பதற்கு முன்பே ஒரு தள்ளுவண்டியில் காம்பிலிருந்து நுனிவரை ஒரே மஞ்சளாக மாம்பழம் கண்ணில் பட்டால், அவசரப்படாதீர்கள். ஒன்றை எடுத்துக் காம்படியை முகர்ந்து பாருங்கள். வாசனை வரவில்லையென்றால் பழத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்தால் நல்ல பழம் வரும், விலையும் இறங்கியிருக்கும்.